இறங்கும் விமானத்தில் வேகத்தைப் பார்த்துக்கொள்வது யார்?

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு தம்பி கேட்டது இது: "அண்ணா, பெங்களூரு போகிற விமானங்கள் எங்கள் ஊருக்கு மேலே இறங்கிக்கொண்டே போவதை ஃபோனில் ஆப் வைத்துப் பார்க்கிறேன். இறங்குவது முழுக்க கம்ப்யூட்டர்தான், பைலட் சும்மா உட்கார்ந்திருப்பார் என்கிறார்கள். அதை நம்பி நம்பியே கையால் ஓட்ட மறந்துவிட்டார்கள், அதனால்தான் விபத்து நடக்கிறது என்றும் படித்தேன். இது எவ்வளவு உண்மை? அப்படியானால் ஆட்டோமேஷனைக் குறைத்துவிடலாமே?"

நான் ஓசூரில் இருப்பவன். பெங்களூருவில் ஏர்பஸ் சிமுலேட்டரில் பைலட்டுகளுக்குப் பயிற்சி கொடுப்பது என் தொழில். கேள்வி சின்னதாக இருந்தாலும் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள் தம்பி.

முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். கம்ப்யூட்டர் தானாகவே ஓடுபாதையில் கொண்டுபோய் இறக்குவது மிக அபூர்வம். டெல்லியில் டிசம்பர், ஜனவரி மூடுபனி மாதிரி எதிரே எதுவும் தெரியாத நேரத்துக்கென்று வைத்திருக்கும் வசதி அது. மற்றபடி பெங்களூருவிலோ சென்னையிலோ நீங்கள் இறங்கும்போது கடைசிக் கட்டத்தில் பைலட் ஆட்டோபைலட்டை விலக்கிவிட்டுத் தன் கையால்தான் இறக்குகிறார். சிலர் ஆயிரம் அடிக்கு மேலேயே விலக்குவார்கள், சிலர் இன்னும் கீழே வந்து விலக்குவார்கள்.

ஆனால் அதற்கு முந்தைய நேரம் முழுக்க ஆட்டோபைலட்தான். 29,000 அடியிலிருந்து 41,000 அடி வரை விமானங்கள் மேலும் கீழும் வெறும் ஆயிரம் அடி இடைவெளியில் பறப்பதால், அந்த உயரத்தில் கருவிதான் உயரத்தைப் பிடித்துவைக்க வேண்டும் என்பது விதி. கிளம்பியதும் சில நிமிடம், இறங்கும்போது சில நிமிடம், அவ்வளவுதான் ஒரு பயணத்தில் கை வேலை. இதனால் கைப்பழக்கம் துருப்பிடிக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2013 ஜனவரியில் விமான நிறுவனங்களுக்கு அனுப்பிய அறிவுறுத்தலே இதுதான்: சூழ்நிலை ஒத்துவரும்போதெல்லாம் பைலட்டுகளைக் கையால் ஓட்டச் சொல்லி ஊக்கப்படுத்துங்கள்.

இருந்தாலும், "ஓட்ட மறந்துவிட்டார்கள்" என்பதோடு நிறுத்திக்கொண்டால் விஷயம் பாதிதான் புரியும். இறங்கும்போது நடந்த பெரிய ஆட்டோமேஷன் விபத்துகளின் அறிக்கைகளைப் படித்தால், கை பழகவில்லை என்பதைவிட முக்கியமான ஒன்று தெரியும். இந்த நிமிடம் வேகத்தைப் பிடித்துவைத்திருப்பது யார், மனிதனா இயந்திரமா, அது காக்பிட்டில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. மேலே ஏறும்போதோ சமமாகப் பறக்கும்போதோ இந்தக் குழப்பம் வந்தால் சீக்கிரம் வெளிப்பட்டுவிடும். இறங்கும்போது வெளிப்படாது. ஏன் என்பதைத்தான் விளக்கப் போகிறேன்.

இறக்கம் என்பது என்ன? மேலே 35,000 அடியில் வேகமாகப் போகும் விமானத்திடம் உயரமும் வேகமுமாக ஏகப்பட்ட ஆற்றல் சேர்ந்திருக்கிறது. அதையெல்லாம் செலவழித்து, ஓடுபாதை தொடங்கும் இடத்தில் சரியான உயரத்தில் சரியான வேகத்தில் வந்து நிற்க வேண்டும். எஞ்சினைக் குறைத்துவிட்டால் விமானம் வழுக்கிக்கொண்டு இறங்கும். தொப்பூர் கணவாயில் தர்மபுரி பக்கமிருந்து லோடு லாரி இறக்கும் டிரைவரைக் கேட்டுப் பாருங்கள். இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பார். டீசல் மிச்சம் பிடிக்கலாம் என்று நியூட்ரலில் விட்டவர், பாதி இறக்கத்தில் கியரும் விழாமல் பிரேக்கும் சூடேறித் தவிப்பார். மேலே எடுக்காத முடிவை நடுச்சரிவில் எடுப்பது கஷ்டம். ஜெட் விமானத்திலும் அப்படித்தான். வேகமாக இறங்கலாம், அல்லது வேகத்தைக் குறைக்கலாம். இரண்டும் ஒரே நேரத்தில் வேண்டும் என்றால் விமானம் கேட்காது.

இதற்குப் பைலட்டுகளிடம் ஒரு மனக்கணக்கு உண்டு. இழக்க வேண்டிய உயரத்தை ஆயிரம் அடிக் கணக்கில் எடுத்து மூன்றால் பெருக்கினால், அதற்குத் தேவையான தூரம் கடல் மைலில் கிடைக்கும். பெங்களூருவின் தேவனஹள்ளி விமான நிலையமே கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. 35,000 அடியிலிருந்து வந்தால் இழக்க வேண்டியது 32,000. மும்மடங்கு 96 மைல். வேகம் குறைக்க இன்னொரு பத்து மைல் ஒதுக்கினால் 106, அதாவது 190 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. தெற்கேயிருந்து நேராக வரும் விமானம் சேலம், நாமக்கல் வட்டாரத்திலேயே இறங்கத் தொடங்கிவிட வேண்டும். உங்கள் ஊருக்குப் பக்கத்துக் கிருஷ்ணகிரியிலிருந்து தேவனஹள்ளிக்கு நேர்கோட்டில் சுமார் 50 கடல் மைல். வேகத்துக்கான பத்து மைலைக் கழித்தால் 40. அதை மூன்றால் வகுத்து, தரையின் 3,000 அடியைச் சேர்த்தால் 16,000 அடி சொச்சம். வேகத்துக்கு எதுவும் ஒதுக்காவிட்டால் 20,000 அடிக்குப் பக்கம் வரும். ஆப்பில் ஒரு விமானத்தைத் தட்டிப் பாருங்கள், நேர் வழியில் வருகிறது என்றால் இந்த எண்களுக்கு இடையில்தான் பெரும்பாலும் இருக்கும்.

இந்தக் கணக்கை விமானத்தின் கம்ப்யூட்டர் நம்மைவிட நன்றாகப் போடும். காற்று, எடை எல்லாவற்றையும் சேர்த்து, எந்தப் புள்ளியில் எஞ்சினைக் குறைக்க வேண்டும் என்று அதுவே சொல்லும். ஆனால் அதன் கணக்கெல்லாம் தன்னிடம் எழுதிவைத்த பாதையில் முழுவதுமாகப் பறப்போம் என்ற நம்பிக்கையில் போட்டது. நடுவில் கட்டுப்பாட்டு அறையிலிருந்து, "டிராஃபிக் இல்லை, நேராக அந்தப் புள்ளிக்குப் போய்க்கொள்ளுங்கள்" என்று ஒரு குறுக்குவழி கொடுப்பார்கள். கேட்கச் சந்தோஷமாக இருக்கும். இருபது மைல் மிச்சமானால் விமானம் அந்த நொடியிலேயே ஆறாயிரம் அடி கூடுதல் உயரத்தில் மாட்டிக்கொண்டது என்று அர்த்தம். இப்போது பைலட் கம்ப்யூட்டரின் திட்டத்தை விட்டுவிட்டு, முன்னால் இருக்கும் குமிழ்களைத் திருகி அவசரமாக இறங்கப் பார்ப்பார். சிக்கல் தொடங்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இறங்குவதற்கு இயந்திரத்தில் அடிப்படையாக இரண்டு வழி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில், நிமிடத்துக்கு இத்தனை அடி, அல்லது இந்தச் சரிவில் என்று நாம் சொல்லிவிடுவோம். மூக்கை ஏற்றி இறக்கி அந்தச் சரிவைப் பிடிப்பது ஆட்டோபைலட்டின் வேலை. வேகம் குறைந்தால் எஞ்சினைக் கூட்டுவது ஆட்டோ த்ரஸ்ட் என்ற இன்னொரு இயந்திரத்தின் வேலை. இன்னொரு வழியில், எஞ்சின் ஐடிலில், அதாவது மிகக் குறைந்த சக்தியில், போய் அப்படியே உட்கார்ந்துவிடும். வேகத்தைப் பிடிப்பது மூக்கின் வேலையாகிவிடும், வேகம் குறைந்தால் மூக்கைத் தாழ்த்திக்கொள்ளும். ஏர்பஸ்ஸில் இதற்கு ஓப்பன் டிசென்ட் என்று பெயர். மேலேயிருந்து சீக்கிரம் இறங்க அருமையான வழி. ஓடுபாதைக்குப் பக்கத்தில் வந்த பிறகு அதில் இருப்பது ஆபத்து.

காரணம் இதுதான். தரை நெருங்கும்போது பைலட் சரிவைக் காப்பாற்ற மூக்கைத் தூக்குவார். மூக்கைத் தூக்கினால் வேகம் குறையும். குறைந்த வேகத்தை எஞ்சின் ஈடுகட்டும் என்று அவர் நம்பிக்கொண்டிருப்பார். எஞ்சினோ, வேகம் மூக்கின் பொறுப்பு, எனக்கென்ன என்று ஐடிலிலேயே கிடக்கும். வேகத்துக்கு ஆளே இல்லை.

பெங்களூருவில் 1990 பிப்ரவரி 14 அன்று நடந்தது இதுதான். ஓசூர்ப் பக்கம் வயதானவர்களுக்கு இன்றும் நினைவிருக்கும். மும்பையிலிருந்து வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் 605, ஏர்பஸ் ஏ320 ரகம். அந்த ரகம் நிறுவனத்துக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. மதியம் ஒரு மணி, வானம் தெளிவு. விமானத்தில் எந்தக் கோளாறும் இல்லை. இடது இருக்கையில் இருந்த கேப்டனுக்கு அன்று சோதனைப் பயணம், வலது இருக்கையில் இருந்தவர் அவரைச் சோதிக்கும் கேப்டன். பழைய எச்ஏஎல் விமான நிலையத்தின் ஓடுபாதையை நோக்கி இறங்கும்போது விமானம் ஓப்பன் டிசென்ட்டில் போய்விட்டது.

எப்படிப் போனது என்பதில்தான் மனதை உறுத்தும் விவரம் இருக்கிறது. நிமிடத்துக்கு 700 அடி என்ற இறக்க வேகத்தை வைக்க வேண்டிய நேரத்தில், பக்கத்துக் குமிழில், அதாவது உயரக் குமிழில், 700 அடி என்று வைக்கப்பட்டிருக்கலாம் என்று கருதப்படுகிறது. அந்த ஓடுபாதையே கடல் மட்டத்திலிருந்து 2,900 அடிக்கு மேலே இருக்கிறது. 700 அடி என்றால் பூமிக்குள்ளே. கட்டளை நியாயமானதா என்று இயந்திரம் கேட்கவில்லை. எஞ்சினை ஐடிலுக்குக் கொண்டுபோய், இறங்கு என்றால் இறங்குகிறேன் என்று இறங்கியது. ஃபிளைட் டைரக்டர் என்று ஒன்று உண்டு, மூக்கை எங்கே வைக்க வேண்டும் என்று ஒவ்வொரு பைலட்டின் திரையிலும் வழிகாட்டுவது. இடையில் ஒருவருடையது அணைக்கப்பட்டது, மற்றவருடையது அணைக்கப்படவில்லை. இரண்டையும் அணைத்திருந்தால் ஆட்டோ த்ரஸ்ட் வேகத்தைப் பிடிக்கும் நிலைக்குத் தானாகத் திரும்பியிருக்கும். ஒன்று அணையாததால் திரும்பவில்லை. 132 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல் என்பது நாட்) இருக்க வேண்டிய வேகம் 110க்கும் கீழே போனது. நானூறு, முந்நூறு, இருநூறு என்று விமானத்தின் குரலே உயரத்தைச் சொல்லிக்கொண்டு வந்தது. கடைசி விநாடிகளில் விழித்துக்கொண்டு எஞ்சின் சக்தியைக் கூட்டும் த்ரஸ்ட் லீவரை முன்னே தள்ளினார்கள். ஐடிலில் கிடந்த ஜெட் எஞ்சின் முழுச் சக்திக்கு வரச் சில விநாடி பிடிக்கும், அந்தச் சில விநாடி கைவசம் இல்லை. ஓடுபாதைக்கு முன்னால் இருந்த கோல்ஃப் மைதானத்தில் விழுந்தது. 146 பேரில் 92 பேர் இறந்தார்கள். அதன் பிறகு இந்தியன் ஏர்லைன்ஸின் ஏ320 விமானங்கள் பல மாதம் தரையில் நின்றன.

இதை ஏர்பஸ்ஸின் குறை என்று அன்று நிறையப் பேர் சொன்னார்கள். போயிங்கில் இப்படி நடக்காது என்றும் சொன்னார்கள். நடந்தது.

2009 பிப்ரவரி 25, ஆம்ஸ்டர்டாம். துருக்கி ஏர்லைன்ஸின் போயிங் 737. தரையிலிருந்து எத்தனை அடி என்று அளக்கும் ரேடியோ ஆல்டிமீட்டர் இடது பக்கம் பழுதாகி, விமானம் இரண்டாயிரம் அடிப் பக்கம் இருக்கும்போதே மைனஸ் எட்டு அடி என்று காட்டியது. ஆட்டோ த்ராட்டில் (ஆட்டோ த்ரஸ்ட்டுக்குப் போயிங்கில் அதுதான் பெயர்) அதை நம்பி, ஓடுபாதையில் தொடப்போகிறோம் என்று நினைத்து எஞ்சினை ஐடிலுக்கு இழுத்துவிட்டது. வலது பக்க அளவியை நம்பிய ஆட்டோபைலட்டோ சரிவைக் காப்பாற்ற மூக்கைத் தூக்கிக்கொண்டே இருந்தது. ஒரே விமானத்தில் ஒரு இயந்திரம் தரையில் இருக்கிறோம் என்கிறது, இன்னொன்று ஆகாயத்தில் இருக்கிறோம் என்கிறது.

மூன்று பைலட்டுகள் உட்கார்ந்திருந்தும் எஞ்சின் அடங்கியது ஏன் உறைக்கவில்லை? அன்று அவர்கள் சரிவுப் பாதைக்கு மேலேயிருந்து வந்து அதைப் பிடித்தார்கள். மேலேயிருந்து பிடிக்க வேண்டுமென்றால் எஞ்சின் ஐடிலில் இருப்பதுதான் சரி. பழுதும் இயல்பும் ஒரே மாதிரி தோன்றியது. லீவர் பின்னால் போனது, வேகம் குறைந்தது, எல்லாம் எதிர்பார்த்தபடிதான் இருந்தது. குறைய வேண்டிய வேகத்துக்குக் குறைந்த பிறகும் தொடர்ந்து குறைந்தது மட்டும்தான் தப்பு. 460 அடி உயரத்தில் ஓட்டும் கைப்பிடி அதிர்ந்து, வேகம் போதாது என்று எச்சரித்தபோது நேரம் போயிருந்தது. 135 பேரில் ஒன்பது பேர் இறந்தார்கள், காக்பிட்டில் இருந்த மூவரும் அதில் அடக்கம்.

நான் சொல்ல வந்தது இதைத்தான் தம்பி. ஏறும்போது எஞ்சின் அடங்கினால் பயணிக்குக்கூடத் தெரிந்துவிடும். இறங்கும்போது அடங்கினால், சரி, இறங்குகிறோம் என்று பைலட்டும் நினைப்பார். அலாரம் அடிக்க வேண்டிய அமைதிதான் இறக்கத்தில் வழக்கமான அமைதியும்.

மூன்றாவது, 2013 ஜூலை 6, சான் ஃபிரான்சிஸ்கோ. ஏசியானா 214, போயிங் 777. ஓடுபாதையில் கட்டுமான வேலை நடந்ததால், சரிவைக் காட்டும் கிளைடு ஸ்லோப் சமிக்ஞை அன்று இல்லை. வெயில் அடித்துக்கொண்டிருந்த பகல், கண்ணால் பார்த்து இறக்க வேண்டியதுதான். ஓட்டியவர் வேறு விமானங்களில் நல்ல அனுபவசாலி, 777க்குப் புதியவர், பயிற்சியில் இருந்தார். கண்ணால் பார்த்து இறக்குவது குறித்துத் தனக்குக் கலக்கம் இருந்ததாக விசாரணையில் அவரே சொன்னார். நீங்கள் கேட்ட "கைப்பழக்கம்" உண்மையிலேயே முக்கியமாக வருவது இங்கேதான். உயரம் அதிகமாக இருந்ததால் சீக்கிரம் இறங்க ஒரு பொத்தானை அமுக்கினார். முன்பு வைத்திருந்த உயரம் 3,000 அடி என்பதால் விமானம் இறங்குவதற்குப் பதிலாக ஏறப் பார்த்தது. அவர் ஆட்டோபைலட்டை விலக்கிவிட்டு லீவரைக் கையால் ஐடிலுக்கு இழுத்தார். அந்த நிலையில் அப்படி இழுத்தால் 777இன் ஆட்டோ த்ராட்டில் ஹோல்டு என்ற நிலைக்குப் போய்விடும். போட்டுத்தான் இருக்கும், ஆனால் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கும். அது வேகத்தைப் பார்த்துக்கொள்ளும் என்று எல்லோரும் நினைத்தார்கள். 137 நாட் இருக்க வேண்டிய இடத்தில் 103க்கு வந்தது. கடலோரத் தடுப்புச் சுவரில் வால் மோதியது. 307 பேரில் மூன்று பேர் இறந்தார்கள்.

மூன்று நிறுவனம், மூன்று ரகம், காரணம் மூன்று விதம். ஆனால் மூன்றிலும் எஞ்சின் ஐடில், மூக்கு மேலே, வேகத்துக்கு ஆளில்லை.

இன்னொரு ஒற்றுமையும் இருக்கிறது. பயிற்சி கொடுப்பவன் என்பதால் என் கண்ணில் அது கொஞ்சம் அதிகமாகவே படுகிறது. மூன்றுமே ஒருவர் பழகிக்கொண்டோ சோதிக்கப்பட்டுக்கொண்டோ இருந்த பயணங்கள். பக்கத்தில் மூத்தவர் உட்கார்ந்திருந்தார். பழகுபவர், தப்பு நடந்தால் அவர் சொல்லிவிடுவார் என்று இருப்பார். மூத்தவர், இவர் இப்போது திருத்திக்கொள்வார், இன்னும் ஒரு நொடி பொறுத்துப் பார்ப்போம் என்று இருப்பார். அந்த ஒரு நொடி விட்டுப் பிடிப்பது பயிற்றுநரின் தொழில் பழக்கம், அதில்லாமல் யாருக்கும் கற்றுக்கொடுக்கவும் முடியாது. ஆக இரண்டு மனிதர்களும் ஒரு இயந்திரமும் இருக்கும் இடத்தில், மூவரும் மற்றவர்மேல் பொறுப்பைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்க முடிகிறது.

இதற்குச் சோம்பேறித்தனம் என்று பேர் வைப்பது நியாயமில்லை. இரண்டாம் உலகப் போரின்போது ரேடார் திரையைப் பார்த்துக்கொண்டே இருக்கும் வீரர்கள் எதிரியைத் தவறவிடுவது ஏன் என்று நார்மன் மாக்வொர்த் என்ற உளவியலாளர் ஆராய்ந்தார். கடிகாரம் போன்ற ஒரு வட்டத்தில் முள் ஒரே சீராக நகரும், எப்போதாவது இரட்டிப்பாகத் தாண்டும், தாண்டும்போது பொத்தானை அமுக்க வேண்டும். அரை மணி நேரம் போனதும் தவறவிடுவது கணிசமாகக் கூடியது. நல்ல உடல்நிலை, நல்ல பயிற்சி, எல்லாம் இருந்தும் அப்படித்தான். பெரும்பாலும் சரியாகவே நடக்கும் ஒன்றைப் பார்த்துக்கொண்டே இருப்பது மனித மூளைக்கு வராத வேலை. நாம் பைலட்டுகளுக்குக் கொடுத்திருப்பது அந்த வேலையைத்தான்.

நம்பரை மட்டும் பார்த்துவிட்டு, எந்த நிலையில் இருக்கிறோம் என்று பார்க்காததால் வந்த இன்னொரு வகை விபத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1992 ஜனவரி 20, பிரான்ஸில் ஸ்ட்ராஸ்பர்க் நகருக்கு அருகே ஏர் இன்டர் நிறுவனத்தின் ஏ320. 3.3 டிகிரி சரிவு என்று நினைத்து 33 என்று வைத்தார்கள் என்பதே பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். இயந்திரம் இருந்த நிலையில் அதற்கு நிமிடத்துக்கு 3,300 அடி என்று பொருள். இருட்டில் மலையில் மோதி 87 பேர் இறந்தார்கள். அதன் பிறகு அந்தத் திரையில் இறக்க வேகம் நான்கு இலக்கமாகத் தெரியும்படி மாற்றினார்கள். இது உடனே சரிசெய்ய முடிந்த வகை. ஐடில் வகை அவ்வளவு லேசில் தீராது.

சரி, என்ன செய்கிறோம்? சிமுலேட்டரில் நான் விரும்பிக் கொடுக்கும் பயிற்சி ஒன்று உண்டு. இறக்கம் சீராகப் போய்க்கொண்டிருக்கும்போது கட்டுப்பாட்டு அறையின் குரலில் ஒரு குறுக்குவழி கொடுத்துவிட்டு, பேசாமல் அவர்களின் கண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பேன். உயரக் குமிழைத் திருகி வெளியே இழுத்ததும் ஏர்பஸ் ஓப்பன் டிசென்ட்டுக்குப் போகும். முன்திரையின் உச்சியில் ஒரு மெல்லிய வரி இருக்கிறது, எந்த இயந்திரம் எந்த வேலையில் இருக்கிறது என்று சொல்லும் வரி. நிலை மாறியதும் அங்கே புதுச் சொல் வந்து, அதைச் சுற்றிப் பத்து விநாடிக்கு ஒரு வெள்ளைக் கட்டம் நிற்கும். சிலரின் கண் குமிழோடு நின்றுவிடும். திருகினேன், எண் மாறியது, வேலை முடிந்தது என்று ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார்கள். சிலர் மேலே பார்த்து, "த்ரஸ்ட் ஐடில், ஓப்பன் டிசென்ட்" என்று வாய்விட்டுப் படிப்பார்கள். குமிழில் இருப்பது நாம் கேட்டது. இயந்திரம் எதை ஏற்றுக்கொண்டது என்பது அந்த மேல்வரியில்தான் இருக்கிறது. இரண்டும் ஒன்றாக இல்லாத நாளில்தான் விபத்து. வாய்விட்டுப் படிப்பது சின்னப்பிள்ளைத்தனமாகத் தோன்றும், ஆனால் பக்கத்தில் இருப்பவர் காதிலும் விழுகிறதே, அதுதான் அதன் மதிப்பு.

அப்புறம் கைப்பழக்கம். நல்ல வானிலையில், கூட்டமில்லாத நேரத்தில், ஆட்டோபைலட்டையும் ஆட்டோ த்ரஸ்ட்டையும் விலக்கிவிட்டு ஓட்டுவதை நான் ஆதரிக்கிறேன். நிறுவனத்துக்கு நிறுவனம் இதில் கொள்கை வேறுபடும், சிலர் தாராளம், சிலர் கெடுபிடி. கையால் ஓட்டுவதில் கிடைக்கும் பெரிய லாபம் கையின் நளினம் அல்ல. இந்த எடைக்கு, இந்தச் சரிவுக்கு, எஞ்சின் எவ்வளவு சுற்ற வேண்டும் என்ற ஒரு எண் உடம்பில் ஊறிவிடும். அது ஊறியவருக்கு, கடைசி ஆயிரம் அடியில் எஞ்சின் ஐடிலில் இருந்தால் திரையைப் பார்ப்பதற்கு முன்பே ஏதோ இடிக்கும். ஆனால் பெங்களூரு மாதிரி நெரிசலான இடத்தில், மழைக்கால மாலையில், ஒருவர் கையால் ஓட்டுகிறேன் என்று இறங்கினால் மற்றவர் தலையில் ரேடியோ, குமிழ், கவனிப்பு எல்லாம் விழும். அங்கே அது வீரம் இல்லை, வம்பு.

ஆட்டோமேஷனைக் குறைத்துவிடலாமே என்று கேட்டீர்கள். சேலம் காமலாபுரத்துக்கு வரும் ஏடிஆர் விமானத்தைப் பார்த்திருப்பீர்கள், புரொப்பெல்லர் வைத்தது. அதில் ஆட்டோ த்ராட்டில் கிடையாது. பவரைப் பைலட்தான் கையால் வைக்கிறார், வேகத்தைப் பார்த்துக்கொள்வது யார் என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. அதனால் அது ஆபத்தில்லாதது என்று சொல்லிவிட முடியுமா? 2023 ஜனவரி 15 அன்று நேபாளத்தின் பொக்ராவில் எட்டி ஏர்லைன்ஸின் ஏடிஆர் இறங்கும்போது, ஃபிளாப்பை (மெதுவாகப் பறக்க உதவும் இறக்கைத் தகடு) நீட்டும் லீவர் என்று நினைத்து பக்கத்தில் இருந்த புரொப்பெல்லர் லீவர்களை இழுத்துவிட்டார்கள். இரண்டு புரொப்பெல்லரும் இழுவிசை இல்லாமல் போய், 72 பேரும் இறந்தார்கள். அதுவும் ஒரு பழகு பயணம், ஒருவருக்கு அந்த விமான நிலையத்தை அறிமுகப்படுத்திக்கொண்டிருந்தார்கள். கையில் கொடுத்தால் கை தவறும், இயந்திரத்திடம் கொடுத்தால் கவனம் தவறும். மொத்தக் கணக்கில் பார்த்தால் ஆட்டோமேஷன் வந்த பிறகு விமானப் பயணம் எவ்வளவோ பாதுகாப்பானது என்பதில் இந்தத் தொழிலில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எடுத்துவிடு என்பவர்களோடு நான் சேரமாட்டேன்.

இயந்திரங்களும் கொஞ்சம் திருந்தியிருக்கின்றன. இன்றைய ஏ320இல் தரை நெருங்கும்போது ஆற்றல் குறைந்தால் "ஸ்பீடு, ஸ்பீடு, ஸ்பீடு" என்று குரலே கத்தும். ஆனால் எல்லாவற்றையும்விட நான் நம்புவது ஒரு எளிய எல்லைக்கோட்டை. ஆயிரம் அடிக்கு வரும்போது வேகம், சரிவு, ஃபிளாப், சக்கரம், எஞ்சின் சக்தி எல்லாம் சரியாக இருக்கிறதா? இருந்தால் தொடரலாம். இல்லையென்றால், காரணம் தேட வேண்டாம், மேலே தூக்கிக்கொண்டு ஒரு சுற்று சுற்றி வா. கண்ணால் பார்த்து இறங்கும்போது 500 அடி வரை சில நிறுவனங்கள் விட்டுக்கொடுக்கும். பெங்களூரு, ஆம்ஸ்டர்டாம், சான் ஃபிரான்சிஸ்கோ மூன்று விபத்திலும் 500 அடியில் எஞ்சின் ஐடிலில்தான் கிடந்தது. "எஞ்சின் சக்தி" என்ற அந்த ஒரு வரியை உண்மையாகப் பார்த்திருந்தாலே போதும்.

கோட்டைப் போடுவது சுலபம், "கோ அரவுண்ட்" என்று வாயைத் திறப்பதுதான் கஷ்டம். நம் ஊரில் சின்ன வயசிலிருந்தே பெரியவர் செய்வதைக் குறுக்கிடக் கூடாது என்று வளர்ந்திருக்கிறோம். இருபத்தைந்து வயதுப் பையன், தன் அப்பா வயதில் இருக்கும் கேப்டனிடம், "சார், இது சரியில்லை" என்று சொல்ல வேண்டும். 2010 மே 22 அன்று மங்களூரில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மிக உயரமாக வந்து இறங்கி, மேட்டு ஓடுபாதையைத் தாண்டி விழுந்தது. 158 பேர் இறந்தார்கள். அதில் ஆட்டோமேஷன் குற்றவாளி இல்லை. துணை பைலட் ஒருமுறைக்கு மேல் கோ அரவுண்ட் சொன்னார், கேப்டன் கேட்கவில்லை. சொன்னவர் கட்டுப்பாட்டைக் கையில் எடுக்கவில்லை.

அதனால் இப்போது பயிற்சியில் சொற்களையே கொடுத்துவிடுகிறோம். பணிவாக எப்படிச் சொல்வது என்று யோசிக்கத் தேவையே இல்லை. ஆயிரம் அடியில் கவனிக்கும் பைலட் "ஸ்டேபிள்" அல்லது "அன்ஸ்டேபிள், கோ அரவுண்ட்" என்று சொல்ல வேண்டும், ஓட்டுபவர் பதில் சொல்ல வேண்டும். இரண்டு முறை சொல்லியும் பதிலோ செயலோ இல்லையென்றால் அவரால் இயங்க முடியவில்லை என்று வைத்துக்கொண்டு, "ஐ ஹேவ் கன்ட்ரோல்" என்று இளையவர் எடுத்துக்கொள்ளலாம். சிமுலேட்டரில் நானே கேப்டன் இருக்கையில் உட்கார்ந்து வேண்டுமென்றே பதில் சொல்லாமல் இருப்பேன். முதல் தடவை சத்தமாகச் சொல்பவர்கள் நிறைய. இரண்டாவது தடவை குரல் கொஞ்சம் இறங்கும். கை லீவருக்கு வருவதற்குச் சிலருக்கு இரண்டு மூன்று வகுப்பு ஆகும், வந்த பிறகுதான் கையெழுத்துப் போடுவேன்.